தீவுக்கு மருத்துவமனை எந்த வழியாக வரும்?



பேரிடர்க் காலத்து நடமாடும் மருத்துவமனைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தீவுகளோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். சமவெளியில் ஒரு பாலம் இடிந்தால் சுற்றுப்பாதை என்று ஏதாவது இருக்கும். சிறு தீவில் ஜெட்டி ஒன்றுதான். ஓடுபாதை இருந்தால் அதுவும் ஒன்றுதான். இரண்டும் போய்விட்டால் மருத்துவர்களும் மருந்தும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கப்பலில் காத்திருக்க, கரையில் காயம்பட்டவர் கிடப்பார்.

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலில் உள்ள டோங்கா நாட்டில், ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹாப்பாய் என்ற கடலடி எரிமலை வெடித்தது. எழுந்த சுனாமி, மாங்கோ என்ற சிறு தீவில் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. நொமுகா தீவின் சுகாதார நிலையத்தை அடித்துக்கொண்டு போயிற்று. வெளியுலகத்தோடு பேச இருந்த ஒரே கடலடி கேபிள் அறுந்து, ஐந்து வாரம் கழித்துத்தான் சரியானது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உதவிப் பொருட்களோடு சரக்கு விமானங்களைத் தயாராக வைத்திருந்தன. ஆனால் தலைநகர்த் தீவின் ஓடுபாதை முழுக்க எரிமலைச் சாம்பல். உள்ளூர்க்காரர்கள் துடைப்பமும் மண்வெட்டியுமாக நாள்கணக்கில் கூட்டி அள்ளினார்கள். முதல் நிவாரண விமானம் இறங்கியபோது ஜனவரி 20. இடையில் அந்த வெளித்தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தவை டோங்காவின் சொந்தக் கடற்படைக் கப்பலும் சொந்த மருத்துவக் குழுவும். நொமுகாவில் கள மருத்துவமனை எழுந்தது அப்படித்தான்.

வெளியிலிருந்து வரும் கள மருத்துவமனை உயிர்காக்கும் முதல் சிகிச்சை தர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் இயங்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இலேயே வழிகாட்டுதல் எழுதியது. அந்த 24 மணி நேரத்தையும் டோங்காவின் ஐந்து நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: தீவுக்கு மருத்துவமனையை அனுப்புவதற்கு நாம் நிறையத் திட்டம் போடுகிறோம். அது வந்து சேராத நாட்களுக்குத் திட்டம் போடுவதில்லை. தயாரிப்பில் பாதி, அதுவும் முதல் பாதி, தீவுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 என்றால் நமக்கு நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் கடலூரும் நினைவுக்கு வரும். நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த இந்திய மண் நிக்கோபார். கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா சுமார் 150 கிலோமீட்டர். சென்னைக்கு ஊர் விழித்தெழுந்த பிறகுதான் அலை வந்தது. நிக்கோபாரிலோ நிலம் ஆடி நிற்பதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. அங்கே தமிழரும் இருந்தார்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியிருந்தார்கள். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் குடியேறிய முன்னாள் படைவீரர் குடும்பங்களிலும் நம் மாநிலத்தவர் உண்டு.

கார் நிக்கோபாரின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலை என்று சொல்ல ஏதும் இல்லாத தட்டையான தீவு. கிராமங்கள் கரையை ஒட்டி வளையமாக அமைந்திருந்தன. துணை சுகாதார நிலையங்களும் கிராமங்களோடு கரையில்தான். அத்தீவின் மலாக்காவில் இருந்த விமானப்படைக் குடியிருப்பும் கரையில்தான். அங்கே மட்டும் வீரர்களும் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஓடுபாதையில் எஞ்சிய பகுதியில் மீட்பு விமானங்கள் இறங்கின. கார் நிக்கோபாருக்கு அந்த ஓடுபாதையாவது இருந்தது. தெற்கே கச்சால், தெரசா, சௌரா, டிரிங்கெட் தீவுகளுக்கு என்ன இருந்தது? ஜெட்டிகள் நொறுங்கின. அதைவிடப் பெரிய சேதம் ஒன்று நடந்தது: நிலமே ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்திரா முனையில் அது நான்கு மீட்டருக்கும் மேல்; கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போயிற்று. டிரிங்கெட் துண்டுதுண்டாகப் பிரிந்தது. பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகை எங்கே ஒதுக்குவது என்று தேடினால் அந்த இடம் கடலாக இருந்தது. பிழைத்தவர்கள் உள்காட்டுக்கு ஓடி, இளநீரையும் தேங்காயையும் வைத்து நாட்களைக் கடத்தினார்கள். 2001 கணக்கெடுப்பில் 42,068 பேர் இருந்த நிக்கோபார் மாவட்டத்தில் 2011இல் 36,842 பேர். இந்தியாவில் மக்கள்தொகை இப்படிக் குறைந்த மாவட்டங்கள் அரிது.

அந்த நேரத்தில் நம் கடற்படை ஒரு நல்ல காரியம் செய்தது. கடல்தரையை அளக்கும் ஆய்வுக் கப்பல்களை மருத்துவமனைக் கப்பல்களாக மாற்றியது. ஐஎன்எஸ் நிருபக் இந்தோனேசியாவின் ஆச்சே பக்கம் போனது. ஐஎன்எஸ் ஜமுனா திருகோணமலைக்குப் போனது. இவ்வகைக் கப்பல்களை அவசரத்தில் மருத்துவமனையாக மாற்றுவதற்கான ஏற்பாடு அவற்றின் வடிவமைப்பிலேயே உண்டு. தண்ணீர், மின்சாரம், குளிர்சாதனம் எல்லாம் கப்பலிலேயே இருப்பதால் தீவுகளுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் இடுப்பெலும்பு உடைந்த ஒருவரை அலையடிக்கும் கரையிலிருந்து ரப்பர் படகில் ஏற்றி, படகு ஏறி இறங்கும்போது கப்பலின் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் கரையிலும் வேண்டும், படகிலும் வேண்டும். கப்பல் கரைக்குத் துணையாகத்தான் நிற்க முடியும். கரையில் ஒன்றுமே இல்லாவிட்டால் கப்பலாலும் பெரிதாக எதுவும் ஆகாது.

இப்போது பெட்டிகளுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நின்று பேச அனுமதிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களை வகைப்படுத்தியிருக்கிறது. முதல் வகை, புறநோயாளிகளைப் பார்ப்பது. ஊர் ஊராக நகரும் குழுவானால் நாளொன்றுக்கு 50 பேர், ஓரிடத்தில் நிற்பதானால் 100 பேர். இரண்டாம் வகைக்கு இருபது படுக்கையும் ஓர் அறுவை மேசையும் வேண்டும். நாளைக்கு ஏழு பெரிய அறுவை அல்லது பதினைந்து சிறிய அறுவை செய்ய முடிய வேண்டும். மூன்றாம் வகை தீவிர சிகிச்சைப் பிரிவோடு கூடிய பெரிய மருத்துவமனை. தில்லியிலோ ஜெனீவாவிலோ கூட்டத்தில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் இரண்டாம், மூன்றாம் வகை மேல்தான் ஆசை. டன் கணக்கில் எடை. லாரி போகும் ஊருக்கு அது சரி. தெரசா தீவுக் கரையில் அதை யார் இறக்குவது?

என் கணக்கு எளிது. ஒருவர் தனியாகத் தோளில் வைத்து, முழங்கால் தண்ணீரில் நடந்து, வழுக்கும் பாறையில் ஏற முடியாத பெட்டி தீவுக்கு உதவாது. ஜெனரேட்டர் போன்ற சில சாமான்களுக்கு இரண்டு பேர், நான்கு பேர் வேண்டியிருக்கும். அவற்றைக் கைவிரலில் எண்ணிவிட வேண்டும். நிக்கோபார்க்காரர்கள் ஹோடி என்ற பக்கமிதவைப் படகில் தலைமுறை தலைமுறையாகத் தீவுக்குத் தீவு போய் வருகிறவர்கள். அந்த ஹோடியில் ஏறக்கூடிய பெட்டி என்றால் அது எங்கும் போகும். அண்மையில் நம் அரசு உருவாக்கிய பீஷ்ம் மருத்துவக் கனசதுரங்கள் இந்தத் திசையில் ஒரு நல்ல முயற்சி. கையிலோ சைக்கிளிலோ ட்ரோனிலோ கொண்டு போகக்கூடிய 72 சிறு பகுதிகள். 200 பேர் வரை சிகிச்சை தரலாம் என்கிறார்கள். 2024 மே மாதம் ஆக்ராவில் பாராசூட் மூலம் இறக்கிப் பார்த்தார்கள். ஆகஸ்டில் 15,000 அடி உயரத்து மலைப்பகுதியிலும் இறக்கினார்கள். தீவுக்கு வேறு சோதனை வேண்டும். காற்று சற்றே திரும்பினால் பாராசூட் கடலில் விழும். பெட்டி மிதக்குமா, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்குமா என்று பார்த்தாக வேண்டும்.

ஒரு கள மருத்துவமனை ஒத்திகையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. கூடாரம் அழகாக எழுந்தது. ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே ஓடியது. மானிட்டரை மாட்டப் போனால் ப்ளக் பொருந்தவில்லை; வெளிநாட்டுத் தட்டை முனை, நம் ஊர் வட்டத் துளை. அடாப்டர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தார். பிறகு ஆட்டோகிளேவைத் திறந்தார்கள். மூடிக்கு உள்ளே சுற்றிவரும் ரப்பர் வளையம் கிடங்கு வெப்பத்தில் வெடித்திருந்தது. நீராவி நிற்காத ஆட்டோகிளேவ் வெறும் பாத்திரம். கருவிகளைக் கிருமிநீக்கம் செய்ய முடியாதென்றால் இரண்டாவது நோயாளிக்கு அறுவை கிடையாது. தீவில் ஸ்கூட்டரில் போய் வாங்கக் கடைத்தெரு எங்கே? ஐம்பது ரூபாய் வளையம் ஒன்றைக் கூடுதலாக வைத்திருந்தால் முடிந்த வேலை.

அதனால் தீவுப் பெட்டிக்கு நான் மின்சாரம் வேண்டாத கருவிகளையே முதலில் தேடுவேன். அடுப்பில் வைக்கும் ஆட்டோகிளேவ் இருக்கிறது. 121 டிகிரியில் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் முப்பது நிமிடம் வைத்தால், துணிப்பொதியில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழும். மண்ணெண்ணெய் ஸ்டவ் போதும். மயக்க மருந்துக்குக் கெட்டமின் இருக்கிறது. வாயுச் சிலிண்டரும் பெரிய இயந்திரமும் இல்லாமலே எலும்பைச் சேர்க்கலாம், புண்ணைச் சுத்தம் செய்யலாம். ஆக்சிஜன்தான் சிக்கல். 1,500 லிட்டர் கொள்ளும் பி வகைச் சிலிண்டரை நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வீதம் திறந்தால் ஐந்து மணி நேரத்தில் காலி. சிலிண்டர்களை விமானத்தில் ஏற்றுவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. கான்சென்ட்ரேட்டர் வைத்தால் அதற்கு மின்சாரம், மின்சாரத்துக்கு டீசல். எத்தனை லிட்டர் டீசல், தீவில் யாரிடம் இருக்கிறது என்பதை மருத்துவர்தான் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேரிடர் உதவிக்கான ஸ்பியர் தரஅளவுகளின்படி உள்நோயாளி ஒருவருக்கு நாளைக்கு 40 முதல் 60 லிட்டர், ஓர் அறுவைக்கோ பிரசவத்துக்கோ 100 லிட்டர், புறநோயாளிக்கு ஐந்து லிட்டர். இருபது படுக்கை, ஏழு அறுவை, நூறு புறநோயாளி என்று கணக்குப் போட்டால் 2,400 லிட்டர் வரை வருகிறது. மருத்துவக் குழு குடிப்பதும் குளிப்பதும் இதில் இல்லை. நிக்கோபாரில் சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிவிட்டன. இவ்வளவு தண்ணீரைக் கப்பலில் சுமந்து வருவது வீண் வேலை. தீவின் மேட்டுநிலத்தில், அலை எட்டாத இடத்தில், மழைநீர்த் தொட்டி கட்டி வைக்க வேண்டும். மருத்துவமனைக் கூடாரம் எழும்பும் இடம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில். இடத்தை இன்றே குறித்து, நிலத்தைச் சமப்படுத்தி, ஹெலிகாப்டர் இறங்குமளவுக்கு மரங்களை விலக்கி வைக்க வேண்டும். அந்த இடம் எது என்று முடிவுசெய்யக் கிராமத் தலைவரை, அங்கே கேப்டன் என்று அழைக்கிறார்கள், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு பிழைத்தவர்களைத் தகரக் கொட்டகைகளில் வரிசையாகக் குடிவைத்தார்கள். கால்கள் மேல் எழுப்பி ஓலை வேய்ந்த குளிர்ந்த வீடுகளில், கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தவர்கள் அந்த வெப்பத்தில் தவித்தார்கள். இடத்தையும் கூரையையும் கேளாமல் முடிவுசெய்ததன் விளைவு அது. நோயாளியைப் படுக்கவைக்கும் கூடாரத்துக்கும் அது பொருந்தும்.

இங்கே வந்திருக்கும் செவிலியர் கல்லூரி மாணவ மாணவியர் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று, காயங்களைப் பற்றியது. சுனாமியில் இறந்தவர் அதிகம்; கைகால் நசுங்கிப் பெரிய அறுவைக்கு வந்தவர் ஒப்பீட்டளவில் குறைவு. வந்த காயங்கள் மணலும் சேறும் கழிவுநீரும் புகுந்தவை. தாய்லாந்தில் 2004இல் முதல் நாள் அவசரத்தில் அப்படிப்பட்ட காயங்களைத் தையல் போட்டு மூடியதால் பலருக்கு உள்ளே சீழ் பிடித்தது. மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. செய்ய வேண்டியது இது. நிறையச் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவுங்கள். செத்த தசையை வெட்டி எடுங்கள். ஈரத் துணி வைத்துக் கட்டி, திறந்தே விடுங்கள். நான்கைந்து நாள் கழித்துப் புண் சிவந்து சுத்தமாக இருந்தால் அப்போது தைக்கலாம். காயத்தைத் திறந்துவைக்கத் தைரியம் வேண்டும். நோயாளியின் உறவினர் 'ஏன் தைக்கவில்லை' என்று கேட்பார்கள், அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று டெட்டனஸ். ஆச்சேயில் நூறு பேருக்கு மேல் டெட்டனஸ் வந்தது. அலை ஓய்ந்த அன்றல்ல, வாரங்கள் கழித்து, பல வெளிநாட்டுக் குழுக்கள் மூட்டை கட்டத் தொடங்கிய வேளையில். எல்லோருக்கும் முன்பே தடுப்பூசி போட்ட தீவுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை தடுப்பூசி முகாமும் பேரிடர்த் தயாரிப்புதான்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடாரத்துக்கு வருபவர்கள் வழக்கமான நோயாளிகள். இன்சுலின் தீர்ந்தவர், ரத்த அழுத்த மாத்திரை வெள்ளத்தில் போனவர், காசநோய் மருந்து பாதியில் நின்றவர், நிறைமாதக் கர்ப்பிணி. பத்தாயிரம் பேர் உள்ள தீவில், ஆயிரத்துக்கு ஆண்டுக்குப் பதினைந்து பிறப்பு என்று வைத்தாலும், வாரத்துக்கு மூன்று குழந்தை பிறந்தே தீரும். சுனாமிக்காகப் பிரசவம் தள்ளிப்போகாது. ஆகவே பிரசவப் பொதியும், ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசினும், அதையும் இன்சுலினையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் பனிப்பெட்டியும் மேலடுக்கில் இருக்க வேண்டும். எலும்பு அறுக்கும் ரம்பம் அடியில் கிடக்கட்டும்.

யார் செய்வது? வனுவாட்டு நாட்டைப் பாருங்கள். 2015 மார்ச்சில் பாம் புயல் அடித்தபோது வெளிநாட்டு மருத்துவக் குழுக்கள் நிறைய வந்தன. 2020 ஏப்ரலில் ஹரோல்ட் புயல் வந்தபோது கொரோனாவுக்காக நாட்டின் எல்லை மூடப்பட்டிருந்தது, வெளியார் வரவில்லை. அந்த முறை உள்ளூர்க்காரர்களே முன்னின்று செய்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பசிபிக் நாடுகள் தங்கள் மருத்துவர்களையும் செவிலியர்களையும் கிடங்குக்காரர்களையும் சேர்த்துத் தேசியக் குழுக்களைக் கட்டியிருந்தன. ஃபிஜியின் குழு 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்று பெற்றது. ஒன்பது லட்சம் பேர் உள்ள நாட்டால் முடிந்தது நம்மால் முடியாதா? நிக்கோபாரிலேயே பிறந்து வளர்ந்த செவிலியர்கள், கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், படகோட்டிகள் கொண்ட குழு வேண்டும். கார் நிக்கோபாரில் பேசும் மொழி நான்கவுரித் தீவுக்காரருக்குப் புரியாது. வலி எங்கே என்று கேட்கக்கூட உள்ளூர் ஆள் வேண்டும்.

வெளியார் வரத்தான் வேண்டும். ஆனால் எப்படி வருவது என்பதில் டோங்கா ஒரு பாடம். கொரோனா சமூகத்தில் பரவாமல் காத்து வந்த நாடு அது. உதவிப் பொருட்களைத் தொடாமல் இறக்குவது, மூன்று நாள் ஒதுக்கி வைப்பது என்று கடும் விதிகள் போட்டார்கள். அப்படியும் உதவி வந்த சில நாட்களில் துறைமுகத் தொழிலாளர் இருவருக்குத் தொற்று உறுதியாகி, பிப்ரவரி தொடக்கத்தில் ஊரடங்கு வந்தது. நமக்கும் இது பொருந்தும்: கிரேட் நிக்கோபார் காட்டில் சில நூறு ஷொம்பென் மக்கள் மட்டுமே வாழ்கிறார்கள். நமக்குச் சளியாகப் போகும் கிருமி அவர்களுக்குக் கொள்ளைநோயாகலாம். தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத, காய்ச்சலோடு இருக்கிற மருத்துவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் கப்பல் ஏறக்கூடாது. இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

ரத்தத்தைப் பற்றி ஒரு வரி. ரத்த வங்கிக்கு வெளியே நேரடியாக ரத்தம் ஏற்றுவதை நம் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு தீவிலும் ரத்தவகை தெரிந்த, ஆரோக்கியமான கொடையாளர் பட்டியலைப் புதுப்பித்து வைத்து, துண்டிக்கப்பட்ட தீவுகளுக்கு மட்டும் உரிய கட்டுப்பாடுகளோடு விலக்குத் தர முடியுமா என்று அரசு ஆராய வேண்டும். பிரசவத்தில் ரத்தம் இழக்கும் பெண்ணால் கப்பலுக்காகக் காத்திருக்க முடியாது.

கடைசியாக ஒத்திகைக்கு வருகிறேன். தீவு ஒத்திகைகளை ஜனவரியில், கடல் அமைதியாக, விருந்தினர் வர வசதியாக இருக்கும்போது நடத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில், ஜூன் அல்லது ஜூலையில், ஜெட்டியைப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு, செல்போன் கோபுரத்தை அணைத்துவிட்டு நடத்துங்கள். முதல் நாள் வெளியார் யாரும் இறங்கக்கூடாது. தீவில் இருப்பவர்கள், தீவில் இருக்கும் பெட்டிகளைக் கொண்டு, எத்தனை மணி நேரத்தில் முதல் காயத்தைக் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் நாள் கப்பல் வரட்டும்.

அந்தப் பெட்டிகளைப் பூட்டி வைத்து மறந்துவிட்டால் மூன்று ஆண்டில் மருந்தெல்லாம் காலாவதியாகும், ரப்பரெல்லாம் வெடிக்கும். சரக்குக் கப்பல் வரும்போதெல்லாம் பெட்டியில் இருப்பதை எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொடுத்து, புதிதாக வந்ததைப் பெட்டியில் வைக்க வேண்டும். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். சாவி அலை எட்டாத வீட்டில் ஒன்றும், கேப்டன் வீட்டில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். அவர் மாறுதலாகிப் போகிறார் என்றால், அடுத்தவர் வந்து பெட்டிகளைத் திறந்து எண்ணிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்குக் கப்பல் சீட்டு.